அக்சிலேட்டரில் துணி கட்டி, மிதித்தே திரியாய் போனது

வைகாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் திருகோணமலையிலிருந்து திரியாய்க்குப் போய் வந்தேன். போக 46 கிலோமீட்டர், வர 46. போனது, பெடல் மிதித்தால் மோட்டார் ஓடுகிற மின்சார மோட்டார் சைக்கிளில். இப்படி ஒரு வண்டியில் தூரம் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன். நான் சொல்ல மகள் வாணி தட்டச்சு அடிக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். ஆகவே கிலோமீட்டரும் விலையும் பிழைக்காது. பெயர்ப்பலகைகளில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

போனது ஒரு நேர்த்திக்கடனுக்காக. நேர்த்தி வைத்தவள் என் மனைவி பாக்கியம், அதைச் செலுத்துவது என் கால். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. வீட்டில் ஒருவர் நோய் வருத்தமாய்ப் படுத்தால் மற்றவர் அவர் பெயரில் நேர்த்தி வைப்பார். படுத்திருக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை. பதினாலு வருடத்துக்கு முன் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆளே அறியாமல் கிடந்தபோது, பாக்கியம் தான் பிறந்த ஊரான திரியாயின் அம்மனை நினைத்து, ஆள் எழும்பினால் ஒவ்வொரு வைகாசியும் சைக்கிள் மிதித்து வந்து கும்பிடுவார் என்று வைத்துவிட்டாள். நான் அப்போது உட்துறைமுகக் கரையில் மீன் எடுத்துச் சைக்கிளில் கொண்டு திரிந்து விற்றவன். "நீங்கள் எப்பவும் மிதிக்கிறவர்தானே, உங்களுக்கு அது பெரிய வேலையோ?" என்று பிறகு சொன்னாள். அறுபது வயதில் அது பெரிய வேலையில்லைதான். இப்போது எழுபத்துநாலு.

இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொன்னார், போகவில்லை. போன வருடம் பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வந்தேன். பாக்கியம் விபூதியை வாங்கிப் பூசிவிட்டு, "பஸ்ஸில போறதுக்கு நேர்த்தி என்னத்துக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய கண் மோசமானது. இடக்கண் முன்பே போனது. வலக்கண்ணில் பூ விழுந்து முற்றிவிட்டது, இனியும் விட்டால் உள்ளே அழுத்தம் கூடி இந்தக் கண்ணும் போகும், பூவை வெட்டி எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திகதி தந்தார்கள். இவள் போகவில்லை. நேர்த்தி தீராமல் கிடக்கக் கத்திக்குப் படுக்க மாட்டாளாம். வாணி கெஞ்சினாள், ஏசினாள். ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு திகதி கிடைத்தது: அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற வைகாசித் திங்கட்கிழமைக்கு அடுத்து வருகிற புதன்கிழமை. அதையும் விட்டால் பிறகு எப்போது என்று அவர்களே சொல்ல முடியாத நிலை.

கிண்ணியாவில் நிசார் என்று ஒரு தம்பி இருக்கிறார். சைக்கிள் திருத்துகிறவர். என் மீன் சைக்கிளுக்கு எத்தனையோ ரிம் மாற்றித் தந்தவர். இரவல் சைக்கிள், இரவல் முழங்கால் ஏதாவது இருக்கிறதா என்று போனில் கேட்டேன். "முழங்கால் இல்ல ஐயா. முழங்காலுக்கு வேல வைக்காத ஒரு சாமான் இரிக்கி, வந்து பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8.15 பஸ்ஸில் போனேன். பஸ் நிலையத்திலிருந்து கிண்ணியா 20 கிலோமீட்டர், டிக்கட் நூறு ரூபாய், முக்கால் மணித்தியாலம். பாலத்தின் கடற்காற்றுக்கு யன்னல் பக்கம் இருங்கள்; மற்றப்படி அந்தப் பஸ்ஸில் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு மோட்டார் சைக்கிள்தான். தடித்த சில்லு, நீளமான சீற், பெற்றோல் தாங்கியின் இடத்தில் பற்றரி. ஆனால் கால் வைக்கிற இடத்தில் சைக்கிள் பெடல் இருக்கும். பெடலிலிருந்து பின்சில்லுக்குச் செயின் கிடையாது. நான் குனிந்து தேடினேன், இல்லை. பெடலைச் சுற்றினால் உள்ளே ஒரு சின்ன டைனமோ சுற்றும். எவ்வளவு வேகமாய்ச் சுற்றுகிறாய் என்று அது ஒரு பெட்டிக்குச் சொல்லும், பெட்டி பின்சில்லு மோட்டாருக்குச் சொல்லும். இடது கைப்பக்கத்தில் ஒரு சுவிச், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்றில் வைத்து மெல்ல மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும். அதே மிதியை ஐந்தில் வைத்து மிதித்தால் 65. நிசாரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் துண்டு துண்டாய் அனுப்ப, இவர் பூட்டி எடுத்திருக்கிறார். நம்பர் பிளேட்டும் பத்திரமும் உண்டு. ஓட்ட மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வேண்டும், என்னிடம் இருக்கிறது. நான் எடுத்த காலத்தில் கேள்வியை வாயால் கேட்டார்கள், வாயால் சொன்னேன்.

இனி முதல் பிழை. சைக்கிளோடு வாழ்ந்தவர்கள் எல்லோரும் செய்யப்போகிற பிழை இது, கவனியுங்கள். பாரம் கட்டிய சைக்கிளில் நாங்கள் எப்படி ஏறுவோம்? சாரத்தை மடித்துக் கட்டி, இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் நிலத்தை இரண்டு தரம் உந்தி, ஓட விட்டுத்தான் காலைத் தூக்கிப் போடுவோம். நானும் நிசாரின் வாசலில் யோசிக்காமல் அதையே செய்தேன். இடது காலைப் பெடலில் ஊன்றினேன். வண்டி புறப்பட்டுவிட்டது. நான் ஒரு காலில் கெந்திக்கெந்திப் பக்கத்தில் போகிறேன், கெந்தக் கெந்த மற்றக் கால் பெடலை அமத்துகிறது, அமத்த அமத்த அது இன்னும் விசையாய்ப் போகிறது. றோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லை நடுவால் பிளந்து, இரண்டு கோழிகளைத் துரத்தி, அந்தப் பக்கத்து நெல் மூட்டையில் போய் வண்டி சாய்ந்தது. நான் மூட்டைக்கு மேலே.

நெல்லுக்குரிய பெண் உலக்கை மாதிரி ஒரு தடியோடு வந்தார். "என்ன வாப்பா, ஒங்களுக்குக் கண் இரிக்கா இல்லயா? நெல்லு குத்த மில்லுக்குத்தான் போகணும், மேல ஏறி ஓடக் கூடாது."

"பெடல்தான் பிள்ளை இழுத்துக்கொண்டு வந்தது."

"பெடல் இழுத்ததாம். எங்கட ஊட்டு மனிசரும் இப்பிடித்தான்; ஊருல சாராயக் கட இல்லாத கொறதான், இரிந்திருந்தாக் கால்தான் இழுத்துக்கிட்டுப் போவுது எண்டு கத விடுவார்."

நிசார் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு வந்து காட்டினார். பிரேக் பிடியை அமத்தியிருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. "பிரேக்கப் புடிங்க, ஏறி இரிங்க, பொறகு கால வைங்க. அந்தப் பெடல்ல கால் பட்டா அது உத்தரவு எண்டு எடுத்துக்கும் ஐயா." மூவரும் சேர்ந்து நெல்லைக் கூட்டிப் பரப்பிக் கொடுத்தோம்.

மாலையில் நான் இந்த வண்டியிலும் நிசார் தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலுமாகச் சீனன்குடா வழியே வீட்டுக்கு வந்தோம். விமானப்படை வேலிக்கரையில் வண்டியை நிறுத்தி அழகு பார்க்க வேண்டாம். இப்படியான புதுச்சாமானைக் கண்டால் காவலில் நிற்கிறவர்கள் கிட்ட வந்து கேட்பார்கள், எல்லாவற்றையும் விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகும். எங்களுக்குப் போனது.

வீட்டில் பாக்கியம் வண்டியைக் கையால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு நிழலும் மங்கிய நிறமும் மட்டும்தான் தெரியும். பெடல் எங்கே என்று பிடித்துப் பார்த்தாள், செயின் இல்லை என்பதையும் விரலாலேயே கண்டுபிடித்தாள்.

"அப்ப தம்பி, இவர் மிதிக்கிறது எங்க போகுது?"

"கரண்டாப் போவுது அம்மா. மோட்டார்ட்டச் சொல்லும், மோட்டார் சில்லச் சுத்தும்."

"மிதிக்காட்டி?"

"நிண்டிரும்." நிசார் பொய் சொல்லத் தெரியாத ஆள். "ஆனா இந்தா, வலக்கைப் பக்கம் அக்சிலேட்டர் ஒண்டும் இரிக்கி. இதத் திருகினா மிதிக்காமலே ஓடும்."

"அப்ப அது பஸ்தான்" என்றாள்.

புதன்கிழமைத் திகதியும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிசாருக்கும் விசயம் விளங்கிவிட்டது. "வேணுமெண்டா அந்த வயரக் கழட்டி விட்டுர்றன் அம்மா. திருகினாலும் வேல செய்யாது."

பாக்கியம் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கழட்ட வேண்டாம். கழட்டினா வேற வழியில்லாமல் மிதிச்சதாப் போகும். அது இருக்கட்டும். இருக்கத்தக்கதா, திருகாமல் மிதிக்கட்டும்."

உள்ளே போய் அலுமாரியில் துழாவி ஒரு துணித்துண்டு வெட்டி எடுத்து வந்தாள். காசு முடிந்து கோவிலுக்குக் கொண்டு போக மஞ்சள் துணிதான் முறை. இவள் கொண்டு வந்தது பச்சை. வெளிறிய பச்சை, பழைய சட்டைத் துணி. அந்தக் கண்ணுக்கு அது மஞ்சளாய்த் தெரிந்திருக்கிறது. நானும் நிசாரும் ஆளையாள் பார்த்தோம். சொல்ல வேண்டாம் என்று அவருக்குத் தலையாட்டினேன். சொன்னால் இது வேறு அபசகுனம் என்று இருந்துவிடுவாள். அவள் ஒரு நாணயக் குத்தியை உள்ளே வைத்து, அக்சிலேட்டர் பிடியைச் சுற்றி, பிரேக் தண்டின் அடியோடு சேர்த்து, திருக ஏலாதபடி இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டாள்.

"கோவிலிலதான் அவிழ்க்க வேணும்."

"இதில போனா நேர்த்தி தீருமோ, தீராதோ? அதைச் சொல்லு."

"போயிட்டு வாங்கோ. பிறகு சொல்லுறன்."

வெளியே வந்து நிசார் காதுக்குள் சொன்னார்: "பச்சை எண்டா ஐயா, வண்டி எங்கட பள்ளிப் பக்கம்தான் திரும்பும்."

திங்கட்கிழமை காலை 5.10க்குப் புறப்பட்டோம். நிசாரும் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டி நீண்ட தூரம் எப்படி ஓடுகிறது என்று அவருக்கும் பார்க்க வேண்டும். வைகாசியில் வெளிக்கிடுகிறவர்கள் விடியவே வெளிக்கிட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு கச்சான் என்கிற மேல்காற்று எழும்பும், சூடாய், இடது பக்கத்திலிருந்து ஆளைத் தள்ளும்.

சுவிச்சை இரண்டில் வைத்தேன். உப்புவெளி தாண்டும்போது 26இல் போய்க்கொண்டிருந்தேன். காலுக்கு ஒரு வேலையும் இல்லை. சைக்கிளில் போனால் றோட்டின் செய்தி எல்லாம் காலுக்கு வரும்: இது ஏற்றம், இது மணல், இது எதிர்க்காற்று, இன்று பின்சில்லில் காற்றுக் குறைவு. இதில் ஒன்றும் வராது. ஏற்றத்திலும் அதே மிதி, இறக்கத்திலும் அதே மிதி. சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறி இறங்கியது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. முதலில் நல்ல சுகமாய் இருந்தது. நிலாவெளி வர, 14 கிலோமீட்டரில், மனதில் ஒரு குறுகுறுப்பு. பன்னிரண்டு வருடம் இந்த றோட்டில் வியர்த்து வழிந்து போனவன், இன்று சட்டை நனையாமல் போகிறேன். இதையா அவள் நேர்ந்தாள்?

நிசாரை மறித்துக் கேட்டேன். "தம்பி, பெடலைக் கொஞ்சம் பாரமாக்க ஏலுமோ?"

"ஏலும். ஆனா ஒங்கட முழங்கால் என்ன சொல்லும்?"

"கொஞ்சம்."

அவர் போனில் எதையோ தட்டிப் பாரத்தைக் கூட்டினார். அது என் இரண்டாவது பிழை. இறக்கக்கண்டிப் பாலம் வரை கால் சொன்னபடி கேட்டது. பாலம் கழிந்து 24ஆவது கிலோமீட்டரில், உப்பு வயல்கள் இருக்கிற வெளியில், வலது முழங்கால் மடங்கின இடத்திலேயே பூட்டிக்கொண்டது. நீட்டவும் ஏலாது, மடிக்கவும் ஏலாது. மிதி நின்றது, வண்டியும் நின்றது. காற்றும் அன்று முந்தி எழும்பிவிட்டது. மணி 6.20.

நிசார் பாரத்தைப் பழையபடி குறைத்தார். ஆனால் கால் சுற்றினால்தானே. றோட்டில் ஆளில்லை. அவர் கைப்பிடியைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"ஐயா, அவிட்டுப் போட்டுத் திருகுங்க. குச்சவெளி போய்த் திரும்பக் கட்டுவம். நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

"முடிச்சு அவள் போட்டது. இடையில் அவிழ்த்தால் அவளுக்குத் தெரியும்."

"அவங்களுக்குக் கண் தெரியாதே."

"என் குரல் தெரியும்."

"எங்கட ஆக்கள் நிய்யத்து எண்டு சொல்லுவம். நெனப்புச் சரியா இருந்தாக் காணும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு என் நினைப்பு எப்படி என்பதில் பயமில்லை. வீட்டில் இருக்கிறவளுடைய கண்ணில்தான் பயம்.

அப்போதுதான் யோசித்தேன், இந்த வண்டிக்கு இரண்டு கால் எதற்கு? சைக்கிளில் ஒற்றைக் காலால் இந்தக் காற்றுக்கு மிதிக்க என் வயதில் முடியாது. இதில் பாரமில்லையே, சுற்றினால் போதும். வலது காலை முன்னால் உள்ள கம்பித் தடுப்பில் தூக்கி நீட்டி வைத்தேன். இடது காலைப் பெடலில் உள்ள வார்ப்பட்டியில் செருகி, அமத்தியும் இழுத்தும் சுற்றினேன். முதலில் விக்கி விக்கிப் போனது. மேலே வரும்போது மெதுவாகிறது, கீழே போகும்போது பாய்கிறது. சுவிச்சை ஒன்றுக்கு இறக்கினேன். 11இல், 12இல் நொண்டிக்கொண்டு போனது. போனதுதான் பெரிது.

உப்பு வாருகிறவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஹெல்மெற் போட்டு, ஒரு காலை நீட்டிக்கொண்டு, சாரம் காற்றில் பறக்க ஒரு கிழவன் வருவதைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்கள்.

"அப்பு, மற்றக் காலுக்கு லீவோ?"

"ஓம். அரைநாள் லீவு."

"சம்பளத்தோடயோ?"

மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டே போனேன். இப்போது சட்டை நனைந்திருந்தது.

குச்சவெளிக்கு 34ஆவது கிலோமீட்டரில், 7.15க்குப் போய்ச் சேர்ந்தோம். சந்தி தாண்டி வலது பக்கம் பூவரசு நிழலில் ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. பால் விடாத பிளேன்ரீ 50 ரூபாய், உளுந்து வடை 70. கடைக்காரப் பெண் வண்டிக்குக் கரண்ட் தந்தார், 200 ரூபாய் வாங்கினார். அங்கே சுவரில் வட்டத் துளை, எங்கள் பிளக் சதுரக் கால். நிசார் கையில் அடப்டர் வைத்திருந்தபடியால் தப்பினோம். நீங்களும் இரண்டு விதமும் கொண்டு போங்கள்.

கடைக்காரப் பெண் சுடுதண்ணீரில் துணி நனைத்து முழங்காலுக்குத் தந்துவிட்டுக் கதை முழுவதையும் கேட்டார். "அந்தக் கட்டை அவிட்டுப்போட்டுத் திருகிக்கொண்டு போறதுக்கு என்ன? அம்மன் என்ன, குச்சவெளிச் சந்தி மட்டுக்கும் வந்து நிண்டு பாக்கிறதோ?"

"அம்மன் வராது. மனிசி கேப்பா."

"அப்ப சரி, மிதியுங்கோ" என்றார்.

ஒரு மணித்தியாலம் இருந்தோம். முழங்கால் இளகிவிட்டது. மிச்சம் 12 கிலோமீட்டரையும் இரண்டு காலாலும், குறைந்த பாரத்தில், மெல்ல மிதித்தேன். பிரதான றோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வயல், கடைசியில் செம்மண் கிறவல் றோட்டு. தடித்த சில்லு நன்றாய்ப் பிடித்தது. 9.05க்குக் கோவில். பொங்கல் பானை வரிசையாய் வைத்திருந்தார்கள், புகை கண்ணை எரித்தது.

பூசாரியார் கட்டை அவிழ்க்க வந்து பார்த்தார். "என்ன, பச்சையில கட்டிக் கிடக்கு?"

"கட்டினவவுக்குக் கண் தெரியாது."

முடிச்சை அவிழ்க்க அவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. காசை உண்டியலில் போட்டேன். நேர்த்தி தீர்ந்ததா என்று அவரிடமே கேட்டேன், வண்டி ஓடுகிற விதத்தையும் சொன்னேன்.

"நேர்த்தி ஆர் வைச்சது?"

"மனிசி."

"அப்ப என்னட்டக் கேட்டு என்ன? வைச்ச ஆள்தான் தீந்தது எண்டு சொல்ல வேணும்" என்று விபூதி தந்தார்.

பக்கத்து வீட்டில் மூன்று மணித்தியாலம் பற்றரிக்குக் கரண்ட் ஏற்றினோம். ஒரு மணிக்குப் புறப்பட்டோம். திரும்பி வரும்போது திருகித்தான் வந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டு அவிழ்ந்தாயிற்று, வரும் வழிக்கு நேர்த்தி இல்லை. 50இல் வந்தேன். நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் திருகி ஓடினால் பற்றரி கெதியாய் இறங்கும். மிதித்துப் போனபோது ஐந்து கோட்டில் இரண்டு குறைந்தது. திருகி வந்தபோது உப்புவெளியில் ஒரு கோடுதான் மிச்சம், கடைசி நாலு கிலோமீட்டரை 20இல் ஊர்ந்து வந்தேன். வீட்டுக்கு வர 2.10.

பாக்கியம் வாசலில் கதிரையில் இருந்தாள். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். நிலாவெளி வரைக்கும் கால் நோகவேயில்லை. உப்பு வயல் பக்கத்தில் ஒற்றைக் காலால்தான் சுற்றினேன். வரும்போது திருகினேன். விபூதியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பூசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இந்தச் சாமானைத் தூக்கி நிப்பாட்டும்."

நிசார் பின்சில்லு நிலத்தில் படாமல் நடுத்தாங்கியில் ஏற்றினார். அவள் கீழே குந்தியிருந்து, பெடலைத் தடவிப் பிடித்து, கையால் சுற்றினாள். பின்சில்லு இரைந்துகொண்டு சுற்றியது. கையை விட்டாள். நின்றது. காதைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தரம் சுற்றினாள், விட்டாள். நின்றது.

"பஸ்ஸில நீங்கள் நித்திரை கொண்டாலும் அது திரியாய் போகும்" என்றாள். "இது நீங்கள் விட்டா நிக்குது."

"ஓம்."

"பிறகென்ன. கால் நோக வேணும் எண்டோ நான் நேந்தனான்?" விபூதியைப் பூசினாள். "வாணி, புதன்கிழமை எத்தனை மணிக்குப் போக வேணும்?"

இந்த வண்டியில் போக நினைக்கிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்கிறேன். முதலாவது, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்த பிறகுதான் பெடலில் கால் வைக்க வேண்டும். சைக்கிள் பழக்கம் உள்ளவர்கள் இதை வெறும் நிலத்தில் பத்துத் தரம் பழகுங்கள், நெல் இல்லாத இடமாய்ப் பார்த்து. பெடல் இருக்கிறது, பற்றரி முடிந்தால் சைக்கிள் மாதிரி மிதித்து வரலாம் என்று நம்ப வேண்டாம். செயின் இல்லை, பற்றரி முடிந்தால் உருட்டத்தான் வேண்டும், நிறை 60 கிலோவுக்கு மேல். முழங்கால் வருத்தக்காரர் பாரத்தைக் கூட்டாதீர்கள். குற்ற உணர்வுக்கு வேறு மருந்து தேடுங்கள். சாரத்தை இறுக்கிக் கட்டுங்கள் அல்லது காற்சட்டை போடுங்கள். குச்சவெளிக்கும் திரியாய்க்கும் நடுவில் கரண்ட் கேட்க வீடுகள் குறைவு, குச்சவெளியிலேயே ஏற்றிவிடுங்கள். நிசார் வாடகை வாங்கவில்லை. ஒற்றைக் காலால் ஓடும் என்று தனக்கே தெரியாது, அது தெரிந்ததே போதும் என்றார். இப்போது கால் ஏலாத இரண்டு பேர் அவரிடம் விசாரித்திருக்கிறார்களாம்.

என்னைக் கேட்டால், அது சைக்கிளா மோட்டார் சைக்கிளா என்று இன்றைக்கும் தெரியாது. சைக்கிளில் பாதை காலுக்குத் தெரியும், இதில் தெரியாது. ஆனால் போன 46 கிலோமீட்டரும் நான் மிதித்துத்தான் ஓடியது என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை கண் வெட்டினார்கள். அடுத்த நாள் கட்டு அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்த பாக்கியம் முதலில் என்னைப் பார்த்து மெலிந்துவிட்டேன் என்றாள், பிறகு வாணியின் தலைமயிரைக் குறை சொன்னாள், பிறகு அலுமாரியைத் திறந்து கண்ட கண்ட துணியை எல்லாம் எடுத்துப் பார்த்தாள். துண்டு வெட்டிய பழைய சட்டைத் துணியோடு வெளியே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலயோ கட்டினனான்?"

"ஓம்."

"இது பச்சையெல்லோ. அப்பவே ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா அவிட்டிருப்பாய்."

"அவிட்டிருப்பன்தான்." துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாலாய் மடித்தாள். "கிடக்கட்டும். அடுத்த வைகாசிக்கு நான் பாத்துக் கட்டுறன்."